மரவேலையை விட வேண்டாம், அந்த மெஷினை விடுங்கள்

பெயரும் அடுக்ககத்தின் அடையாளமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அதன் சாரம் இது.

வயது 36. சென்னை ஓ.எம்.ஆரில் மென்பொருள் வேலை. பெரும்பாக்கம் பக்கம் ஒன்பதாவது மாடியில் வீடு. மனைவி, நான்கு வயது மகள், கூடவே அம்மா. இரண்டு வருடமாக மரவேலை பழகுகிறார். யாரிடமும் போய்க் கற்கவில்லை, எல்லாம் வீடியோ பார்த்துத்தான். ஒரு மணை, ஒரு புத்தக அலமாரி, மகளுக்கு ஒரு படிப்பு மேஜை முடித்திருக்கிறார். "ஆபீஸில் ஸ்பிரிண்ட் என்ற ஒரு தவணை வேலை முடிந்தால் அடுத்த ஸ்பிரிண்ட். மணை முடிந்தால் அம்மா அதில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார்" என்கிறார்.

கிழக்குப் பார்த்த பால்கனிதான் பட்டறை. மார்பிள் கட்டரில் மரம் அறுக்கும் பிளேடைப் போட்டு, பிளைவுட் பலகைக்கு அடியில் கவிழ்த்து மாட்டி, டேபிள் சா (மேஜையில் பொருத்திய சுழல் ரம்பம்) போல ஆக்கிக்கொண்டிருக்கிறார். சனி, ஞாயிறு பகலில் அறுப்பு. வார நாளில் அமெரிக்க டீமுடன் மீட்டிங் முடிந்ததும், இரவு பத்தரைக்கு மேல், சாண்டர் (உப்புத்தாள் மாட்டிய, அதிரும் மெஷின்) போட்டுத் தேய்ப்பு.

அவர் கேட்பது மூன்று. வலது கையில் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மதமதத்து எழுப்பிவிடுகின்றன. கையை உதறினால் சரியாகிறது. கீபோர்டுதான் காரணம் என்றால் வேலையை மாற்ற வேண்டுமா? மகளுக்குச் சில மாதமாக வீசிங். மனைவி மரவேலையை நிறுத்தச் சொல்கிறார். "இயற்கையான மரத்தூள்தானே, கெமிக்கல் இல்லையே" என்பது இவர் வாதம். மூன்றாவது, கை உறை போட்டுக்கொண்டால் போதுமா, அல்லது தோல் பட்டதும் தானே நின்றுவிடும் ரம்பத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

இதற்கு நடுவில் அரை வரி: மூன்று மாதத்துக்கு முன் அறுக்கும்போது பலகை எகிறி, இடது ஆட்காட்டி விரலின் அடியில், கட்டைவிரல் பக்கமாக வெட்டுப்பட்டது. பக்கத்து கிளினிக்கில் நான்கு தையல். "ஆறிவிட்டது. ஒரு பக்கம் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்."

நண்பரே, கை அறுவை சிகிச்சை செய்பவன் என்ற முறையில் உங்கள் வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்கிறேன். நீங்கள் "அவ்வளவுதான்" என்று முடித்த இடத்தில்தான் நான் தொடங்க வேண்டும்.

முதலில் அந்த இடது விரல்

ஒவ்வொரு விரலிலும் உள்ளங்கைப் பக்கமாக, இரு ஓரங்களிலும் ஒவ்வொரு உணர்வு நரம்பு நுனிவரை ஓடுகிறது. தோலுக்கு அதிக ஆழத்தில் இல்லை. அடியில் வெட்டுப்பட்டு, அதே ஓரம் நுனிவரை மரத்திருக்கிறது என்றால், மாற்றுக் காரணம் நிரூபணமாகும்வரை அந்த நரம்பு அறுந்திருக்கிறது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். தோலைத் தைத்தால் தோல் கூடும். அடியில் அறுந்த நரம்பு தானாக வந்து சேராது. மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு உணர்வைச் சோதிக்க வழியில்லை என்பதால், இது தையலுக்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயம். அவசர நேரத்தில் விட்டுப்போவது எங்கும் நடக்கிறது.

இன்று இரவே வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரு கை ஆட்காட்டி விரல்களையும் வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் வையுங்கள். நரம்பு உயிரோடு இருக்கும் தோல் சுருங்கி வரிவரியாகும். நரம்பு அறுந்த ஓரம் மழமழவென்று அப்படியே இருக்கும். நீர் சூடு தாங்குகிறதா என்பதை வலது கையால் பார்த்துவிட்டு வையுங்கள்; இடது விரலுக்குத் தெரியாது. இன்னொரு அடையாளம் வியர்வை. சென்னைப் புழுக்கத்தில் மற்ற விரல்களெல்லாம் நசநசவென்று இருக்க, அந்த ஓரம் மட்டும் காய்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. பேப்பர் கிளிப் ஒன்றை வளைத்து, இரு முனைகளையும் 6 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்து, உங்களைக் கண்ணை மூடச் சொல்லி மனைவி நுனியில் தொட்டுப் பார்க்கலாம். நல்ல விரல் நுனி இரண்டு முனை என்று சொல்லும். அந்த ஓரம் ஒன்று என்று சொன்னாலோ, தொட்டதே தெரியவில்லை என்றாலோ தாமதிக்காதீர்கள்.

நரம்பு அறுபடாமல் நசுங்கி மட்டும் இருந்தால், நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில் வளர்ந்துகொண்டே வரும். தழும்பிலிருந்து நுனிப் பக்கமாகத் தட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் சுரீர் என்று மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும். வாரா வாரம் அந்த இடம் நுனியை நோக்கி நகரும். மூன்று மாதமாகியும் அது தழும்பிலேயே நிற்கிறது என்றால் அறுந்திருக்கிறது என்று பொருள். முதல் சில நாட்களில் செய்திருந்தால் நேரடியாகத் தைத்திருக்கலாம். இப்போது முனைகள் விலகித் தழும்புக்குள் போயிருக்கும். வேறிடத்திலிருந்து மெல்லிய நரம்புத் துண்டை எடுத்து இடையில் வைத்துத் தைக்க வேண்டிவரலாம். பலன் கொஞ்சம் குறையும், ஆனால் செய்யக்கூடியதுதான். அதுவும் ஆட்காட்டி விரலின் கட்டைவிரல் பக்கம் என்பது சாதாரண இடமில்லை. திருகாணியை எடுப்பது, சட்டைப் பொத்தானைப் போடுவது, அறுக்கக் கோடு போடும்போது பென்சிலை நகர்த்துவது எல்லாம் அங்கேதான்.

இந்த வாரமே கை அறுவை சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒருவரைப் பாருங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நாட்டிலேயே பேர் பெற்றது. தனியாரிலும் இருக்கிறார்கள். அதுவரை குளூ கன், அயர்ன் பாக்ஸ், தோசைக்கல் பக்கம் அந்த விரலைக் கொண்டுபோக வேண்டாம். சுட்டால் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வீர்கள்.

கவிழ்த்து மாட்டிய கட்டர்

இன்டீரியர் வேலை நடக்கும் எந்த ஃபிளாட்டுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம், அதனால் உங்களுக்கும் இது சகஜமாகத் தோன்றியிருக்கும். தினம் எட்டு மணி நேரம் அதையே செய்யும் தொழிலாளிகளின் விரல்களையும் நாங்கள் தைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவர்களுக்குப் பிழைப்பு, வேறு மெஷின் வாங்கக் காசில்லை. உங்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

அன்று என்ன நடந்தது என்று ஊகிக்க முடிகிறது. டேபிள் சாவில் பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழே அழுத்தி அறுக்கும். பின்பக்கப் பற்கள் மேலே எழும்பி வரும். அறுபட்ட பலகையின் இரு பாதியும் கொஞ்சம் நெருங்கினாலோ, பலகை கொஞ்சம் திரும்பினாலோ, அந்தப் பின்பக்கப் பற்கள் மரத்தைப் பிடித்து, தூக்கி, உங்கள் மேலேயே எறியும். பலகையைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிடிமானம் போய், பிளேடு இருக்கும் இடத்துக்கே விழும். இதைத் தடுக்கத்தான் முறையான டேபிள் சாவில் பிளேடுக்குப் பின்னாலேயே ஒரு தகடு நிற்கிறது. அறுத்த வழியை மூடவிடாது. மேலே மூடி உண்டு. முழங்காலால் தட்டி அணைக்கும்படி பெரிய சுவிட்ச் உண்டு. உங்கள் பலகையில் இந்த மூன்றும் இல்லை. சுவிட்ச் அடியில் பூட்டிக் கிடக்கிறது. அணைக்க வேண்டுமென்றால் ஓடும் பிளேடுக்குக் கீழே கையை விட வேண்டும். நான்கு அங்குல பிளேடு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும்போது விளிம்பின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். கையை இழுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன். கத்தி வெட்டு ஒரு கோடு. இரு ஓரத்தையும் சேர்த்துத் தைக்கலாம். ரம்பம் தன் தடிமன் அளவுக்குச் சதையையும் நரம்பையும் எலும்பையும் தூளாக்கி எடுத்துக்கொண்டு போய்விடும். சேர்க்க வேண்டுமென்றால் எலும்பைக் குறைத்து விரலைக் குட்டையாக்கத்தான் வேண்டும். நான்கு தையலோடு நீங்கள் தப்பியதை அதிர்ஷ்டம் என்றே எழுதுகிறேன்.

கை உறை விஷயத்தில் உங்கள் எண்ணம் நேர் எதிர். சுழலும் பிளேடுக்கு முன் உறை போடக்கூடாது. பல் துணியைக் கவ்வினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்; வெறும் விரலில் வெட்டாக நின்றிருக்க வேண்டியது உறையோடு கையே சிக்குவதாக முடியும். பிளைவுட்டைத் தூக்கும்போது உறை சரி. மெஷினை ஓட்டும்போது உறை, தொங்கும் சட்டைக்கை, மோதிரம், கையில் கட்டிய கயிறு எதுவும் கூடாது.

தோல் பட்டால் நிற்கும் ரம்பம் உண்மைதான். அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் 1999ல் உருவாக்கியது. இயற்பியல் படித்த காப்புரிமை வழக்கறிஞர் அவர். சாஸ்டாப் என்ற பெயரில் 2004 முதல் விற்பனைக்கு வந்தது. பிளேடில் மெல்லிய மின்சமிக்ஞை ஓடிக்கொண்டே இருக்கும்; தோல் பட்டதும் அது மாறும்; அலுமினியக் கட்டை ஒன்று பற்களுக்குள் பாய்ந்து 5 மில்லிவினாடிக்குள் பிளேடை நிறுத்தும். மென்பொருள்காரருக்குப் பிடிக்கக்கூடிய கருவி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பலகை எகிறி முகத்தில் அடிப்பதை அந்த பிரேக் தடுக்காது. ஒன்பதாவது மாடி பால்கனியில் அதை வைக்க இடமும் இல்லை, அந்த விலைக்கு அவசியமும் இல்லை.

பெரிய அறுப்பை வெளியே கொடுங்கள். அளவு எழுதிக் கொடுத்தால் சா மில்லிலும், பல பிளைவுட் கடைகளிலும் அறுத்துத் தருவார்கள். வீட்டில் கைவேலையை வைத்துக்கொள்ளுங்கள்: கை ரம்பம், இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, இரண்டு நல்ல கிளாம்ப். பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு நடை நடந்தால் பாதிக்கு மேல் கிடைத்துவிடும். ஒரு மரத்தில் துளை பொளித்து, அதில் நுழையும் கழுந்தை இன்னொன்றில் செதுக்கிச் சேர்க்கும் வேலையை வீடியோவை விட, ஒரு மூத்த தச்சரின் பக்கத்தில் சில ஞாயிறு நின்று பார்த்துக் கற்பது மேல்.

கைக்கருவியும் சாது இல்லை. உளி வழுக்கி இடது உள்ளங்கையில் இறங்குவது நாங்கள் அடிக்கடி பார்க்கும் காயம். மரத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் உளியைத் தள்ளாதீர்கள். மரத்தை கிளாம்பில் இறுக்கி, இரு கையும் உளியின் முனைக்குப் பின்னால் இருக்கட்டும். மழுங்கிய உளி அதிக பலம் கேட்கும், அதிகம் வழுக்கும், தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், பிறகு விரல் நுனி மடங்கவில்லை அல்லது ஓரம் மரத்திருக்கிறது என்றால் அன்றே காட்ட வேண்டும்.

வலது கை மதமதப்பு

நீங்கள் எழுதியிருப்பது பாடப்புத்தகத்தில் உள்ளபடியே கார்ப்பல் டனல் தொல்லை. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய வழியில் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருங்கிப் போகின்றன. அங்கே இறுக்கம் கூடினால் முதலில் முனகுவது நரம்பு. சுண்டுவிரல் தப்பியிருப்பதும், இரவில் வருவதும், உதறினால் போவதும் அதையே காட்டுகின்றன.

ஆனால் குற்றவாளி கீபோர்டு என்று முடிவு கட்டாதீர்கள். தட்டச்சுக்கும் இந்தத் தொல்லைக்கும் உள்ள தொடர்பு எல்லோரும் நினைக்கிற அளவுக்கு வலுவானதில்லை. இறுக்கிப் பிடிப்பதும், அதிரும் கருவியும், மணிக்கட்டை மடக்கியபடியே திரும்பத் திரும்பச் செய்யும் வேலையும் தொடர்புள்ளவை என்பதற்கு ஆதாரம் அதிகம். பத்தரை மணிக்கு மேல் நீங்கள் இறுக்கிப் பிடிக்கும் சாண்டரில் இந்த மூன்றும் இருக்கின்றன. ஆகவே வேலையை மாற்றும் முன் சாண்டரை ஒன்றரை மாதம் பெட்டியில் வைத்துப் பாருங்கள். இழைப்புளியில் நன்றாக இழைத்த பலகைக்கு உப்புத்தாள் அதிகம் தேவைப்படாது.

தூங்கும்போது மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள், ஆறு வாரம். கூடவே ரத்தச் சர்க்கரையும் தைராய்டும் பாருங்கள். இரண்டுமே இந்தத் தொல்லையைக் கொண்டுவரும், நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

இன்னொரு விஷயம் நேரம். களைத்த கையும், மீட்டிங்கில் பாதி கிடக்கும் மனசும் மெஷினுக்கு ஆகாது. அண்டை வீட்டார் கோணத்திலும் அது தப்பு: 2000ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை இரவு நேரம், குடியிருப்புப் பகுதியில் அப்போது எல்லை 45 டெசிபல். பகலிலேயே 55தான். கட்டரின் சத்தம் 100 டெசிபல் அளவுக்குப் போகும். காதுக்குக் கவசம் இல்லாமல் அங்கே கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது.

தூளும் மகளும்

இதில் உங்கள் மனைவி சொல்வதில் பெரும்பகுதி சரி. இயற்கை என்பதால் மரத்தூள் நல்லதாகிவிடாது. தேக்கிலும் ஈட்டியிலும் தோலில் அரிப்பையும் ஒவ்வாமையையும் கொண்டுவரும் பொருட்கள் இயற்கையாகவே இருக்கின்றன. வாகையை அறுத்தால் தும்மலில் தொடங்கும் என்று பழைய தச்சர்கள் சொல்வார்கள். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலி செய்வதற்குப் பேர் போனது. அங்கே மரத்தொழிலாளர்களுக்கு மூக்குப் புற்றுநோய் வழக்கத்துக்கு மீறி வருவதை 1960களில் மருத்துவர்கள் கவனித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995ல் மரத்தூளை முதல் வகைப் புற்றுக்காரணியாகவே வகைப்படுத்தியது. பயப்பட வேண்டாம், அது வருடக்கணக்கில் தினமும் தூளுக்குள் நின்றவர்களின் கதை, ஞாயிற்றுக்கிழமைத் தச்சருக்கு உரியதில்லை. ஆனால் ஆஸ்துமா அத்தனை வருடம் காத்திருக்காது.

நீங்கள் அறுத்தது எல்லாம் அசல் மரமும் இல்லை. பிளைவுட்டிலும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையிலும் ஃபார்மால்டிஹைடு கலந்த பசை இருக்கிறது. அதில் எம்.டி.எஃப். தூள் மாவு போல நைஸாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும் தூள் தரையில் விழுந்துவிடும். நுரையீரலுக்குள் போவது கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் மிதக்கும். கிழக்குப் பார்த்த பால்கனி என்கிறீர்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பினால் தூள் வெளியே போகாது. நேராக ஹாலுக்குள்தான் வரும். நீங்கள் போடும் என்-95 உங்கள் மூக்கை மட்டும்தான் காக்கும், மகளுடையதை இல்லை. தாடி வைத்திருந்தால் உங்களுடையதையும் சரியாகக் காக்காது. ஓரத்தில் காற்று புகும்.

மகளின் வீசிங்குக்கு மரத்தூள் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வயதில் சளிக் கிருமி, தூசிப் பூச்சி, கொசுவர்த்திப் புகை எல்லாமே தூண்டும். ஒன்றரை மாதம் வீட்டில் மெஷினும் எம்.டி.எஃப்.பும் இல்லாமல் பாருங்கள். எந்த நாள் இளைப்பு வந்தது, எப்போது இன்ஹேலர் தேவைப்பட்டது என்று மனைவி காலண்டரிலேயே குறிக்கட்டும். மருந்தை மட்டும் குழந்தை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். அதற்குப் பிறகும் கைவேலை மட்டும் போதும். இழைப்புளியில் வருவது சுருள் சீவல், அது மிதக்காது. முடித்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். சட்டையை மாற்றிவிட்டு மகளைத் தூக்குங்கள். மெஷின் வேலை விட முடியாது என்றால் பள்ளிக்கரணை, மேடவாக்கம் பக்கம் ஏதாவது மரப்பட்டறையில் ஞாயிறன்று ஓர் ஓரத்தை வாடகைக்குக் கேளுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை: பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்தினால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து மூடியுள்ள டின்னில் போடுங்கள்.

விரல் துண்டானால்

நடக்கக்கூடாது, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். துண்டான பகுதியை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் படக்கூடாது, பட்டால் திசு செத்துவிடும். மஞ்சள், காபித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். 108ஐ அழைத்து, விரலை ஒட்டவைக்கும் வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.

இடது விரலைக் காட்டப் போகும்போது வலது கையையும் அதே வருகையில் காட்டிவிடுங்கள். கிளினிக்கில் கொடுத்த சீட்டு, டெட்டனஸ் ஊசி போட்ட தேதி, சர்க்கரை, தைராய்டு ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். பட்டை கட்டியும் மதமதப்பு பகலிலும் தொடர்ந்தாலோ, கையில் எடுத்த பொருள் நழுவினாலோ, கட்டைவிரலுக்கு அடியில் உள்ள சதை மற்ற கையை விட இளைத்துத் தெரிந்தாலோ ஆறு வாரம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்; நரம்பின் மின்னோட்டப் பரிசோதனையை உடனே செய்ய வேண்டும்.